பழைய 26 அடி டிரெய்லர் வாங்கியாச்சு: முதல் பயணத்துக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

ஹூஸ்டன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் 2018 மாடல் டிராவல் டிரெய்லர் (லாரிக்குப் பின்னாடி மாட்டி இழுக்கற வீட்டு வண்டி) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். 26 அடி, ஒரு ஸ்லைடு (நிறுத்தினதும் வெளிய தள்ளி அறையைப் பெருசாக்கற பகுதி), 30 ஆம்ப் கரண்ட் இணைப்பு. காலி எடை 5,200 பவுண்டு, ஜிவிடபிள்யூஆர் (சாமான் எல்லாம் ஏறின பிறகும் தாண்டக்கூடாத எடை) 6,800. இழுக்கப்போறது எங்க ஃபோர்டு எஃப்-150 பிக்கப் லாரி. 10,000 பவுண்டுக்கு மேல இழுக்கும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கு, அதனால எடை விஷயத்துல கவலை இல்ல.

நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு பேர். மே மாசம் திருச்சியிலேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க. ஆறு பேரும் நேரா பிக் பெண்ட் தேசியப் பூங்கா போய், அங்க மலைக்கு நடுவுல இருக்கற சீசோஸ் பேசின்ல தங்கலாம்னு திட்டம். சமையல் வண்டியிலேயேதான்: மிக்ஸி, சின்ன கிரைண்டர், இன்ஸ்டன்ட் பாட். ஏசி போட்டுக்கிட்டே இதெல்லாம் ஓடுமா? வீட்டுல நிறுத்தும்போது கரண்ட் குடுக்க எலக்ட்ரீஷியனை வெச்சு ஒரு 30 ஆம்ப் பாயின்ட் போடலாமா? அம்மாவுக்குப் பேப்பர் ஒத்துவராது, டாய்லெட்ல ஹேண்ட் ஷவர் மாட்டினா டேங்குக்கு ஏதாவது ஆகுமா? அப்பாவுக்கு முதுகுவலி, தூரப் பயணத்துல டிரெய்லர் கட்டில்லயே படுத்துக்கிட்டு வரலாமா? புதுசா வாங்குறவங்க வழக்கமா எங்க சறுக்குறாங்கன்னும் சொல்லுங்க.

கொக்கி:

கடைசிக் கேள்விக்கு முதல்ல: அப்பாவை டிரெய்லர்ல படுக்க வைக்காதீங்க. ஓடுற டிராவல் டிரெய்லருக்குள்ள ஆள் இருக்கறதைப் பெரும்பாலான மாநிலங்கள் தடை பண்ணியிருக்கு. சட்டத்தை விடுங்க, உள்ள சீட் பெல்ட் கிடையாது. மெல்லிய மரச்சட்டத்துல பிளைவுட் அடிச்ச சுவர், மோதினா ஒண்ணும் மிஞ்சாது.

அடுத்தது, "எடை விஷயத்துல கவலை இல்ல"ன்னு எழுதினீங்களே, அங்கதான் முதல் சறுக்கல். விளம்பரத்துல வர்ற அந்த எண்ணிக்கை இழுவைத் திறன். அது தீர்றதுக்கு முன்னாடியே பேலோடு, அதாவது லாரி தன் மேல தாங்கக்கூடிய எடை, தீர்ந்துடும். டிரைவர் கதவைத் திறந்தா கதவுத் தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும். அந்த எண் உங்க வண்டிக்கே உரியது. இணையத்துல தேடிக் கிடைக்கிறது அதே மாடல்ல வேற வகைக்கானதா இருக்கும், நம்பாதீங்க.

டிரெய்லரோட மூக்கு உங்க ஹிட்ச் (லாரியில டிரெய்லரை மாட்டற கொக்கி) மேல உட்கார்ற எடை, அதான் டங் வெயிட், மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். அது பேலோடுலதான் கழியும். காலி எடையை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. பேட்டரி, கேஸ், அரிசி மூட்டை, நாற்காலி, தண்ணி எல்லாம் ஏறின பிறகு உங்க டிரெய்லர் எப்படியும் 6,500 தொடும். 13 சதவீதம்னா 845 பவுண்டு. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (மூக்கு எடையை எல்லா அச்சுக்கும் பகிர்ந்து விடற கொக்கி) ஒரு 90. ஆக 935, அப்புறம் ஆறு பேர். ஸ்டிக்கர்ல என்ன எண்ணுன்னு பார்த்துட்டு இங்க போடுங்க.

டங் வெயிட் ஜாஸ்தியாத் தெரியுதேன்னு சாமானைப் பின்னாடி தள்ளி மூக்கைக் குறைக்கிறது ரொம்ப ஆபத்தான தப்பு. 10 சதவீதத்துக்குக் கீழ போனா பக்கத்துல பெரிய சரக்கு லாரி கடக்குற காத்துக்கே டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பிச்சுட்டா உங்க லாரி பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கையும் ஒடிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு, லாரிக்குள்ள டிரெய்லர் பிரேக்கை இயக்கற பிரேக் கன்ட்ரோலர்ல இருக்கற கை லிவரை மட்டும் மெல்ல அழுத்துங்க. டிரெய்லர் பிரேக் மட்டும் பிடிச்சு வண்டியைப் பின்னாடி இழுத்து நேராக்கும். அதுக்கு கன்ட்ரோலர் கெய்ன் (டிரெய்லர் பிரேக் எவ்வளவு வலுவா பிடிக்கணும்ங்கற அளவு) சரியா இருக்கணும். காலி பார்க்கிங்ல 20, 25 மைல் வேகத்துல லிவரை முழுசா அழுத்திப் பாருங்க. சக்கரம் லாக் ஆனா குறைங்க, லாக் ஆகறதுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்க.

டயர்: பக்கவாட்டுல டிஓடின்னு தொடங்குற வரிசையில கடைசி நாலு இலக்கம் பாருங்க. 2318ன்னா 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் பட்டன் தேஞ்சு சாகறதில்ல, வயசாகி வெடிக்கும். பழைய டயர்னா பட்டன் புதுசா இருந்தாலும் நாலையும் மாத்திடுங்க. வெடிச்ச ரப்பர் சக்கர வளைவையும் கேஸ் பைப்பையும் பிய்ச்சுக்கிட்டுத்தான் போகும். நிறைய எஸ்டி டயர்களுக்கு (டிரெய்லருக்குன்னே வர்ற வகை) வேக வரம்பு 65 மைல்தான். காத்து, டயர் மேல போட்டிருக்கற உச்ச அளவுக்கு, காலையில வண்டி ஓடறதுக்கு முன்னாடி அடிக்கணும். சக்கரம் கழட்டி மாட்டினா நட்டுகளை 10, 25, 50 மைல்ல டார்க் ரென்ச் வெச்சு மறுபடியும் முறுக்குங்க. பேரிங் கிரீஸ் 12 மாசம் இல்ல 12,000 மைலுக்கு ஒரு தடவை. வித்தவர் எப்பப் போட்டார்னு தெரியலைன்னா இப்பவே போடுங்க.

முப்பது ஆம்ப்:

கரண்ட் பத்தி நான்.

வீட்டு பாயின்ட் விஷயத்துல எலக்ட்ரீஷியன் பக்கத்துலேயே நில்லுங்க. ஆர்வி (இந்த மாதிரி வீட்டு வண்டி) 30 ஆம்ப் சாக்கெட்டுக்குப் பேர் டிடி-30. அது 120 வோல்ட்: ஒரு ஹாட், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். பார்க்க பழைய துணி டிரையர் சாக்கெட் மாதிரியே மூணு துளையா இருக்கும். ஆர்வி பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் "30 ஆம்ப்னா டிரையர்தானே"ன்னு இரட்டை பிரேக்கர் போட்டு 240 கொடுத்துடுவார். நீங்க செருகின நொடியில மைக்ரோவேவ், கன்வர்ட்டர் (கரண்டை பேட்டரிக்கான 12 வோல்ட்டா மாத்தற பெட்டி), ஏசி போர்டு எல்லாம் போயிடும். பேனல்ல ஒற்றை 30 ஆம்ப் பிரேக்கர், வயர் 10 கேஜ். டிரெய்லரைச் செருகறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சு ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 120 வருதான்னு நீங்களே பாருங்க.

சமையலுக்கு வருவோம். 30 ஆம்ப்னா மொத்தமே 3,600 வாட். கூரை ஏசி 13 ஆம்ப் இழுக்கும். வாட்டர் ஹீட்டர் கரண்ட்ல ஓடினா 12. மைக்ரோவேவ் 13. இன்ஸ்டன்ட் பாட் எட்டு ஒன்பது. ஃப்ரிட்ஜும் கன்வர்ட்டரும் சேர்ந்து இன்னொரு அஞ்சு, எட்டு. ஏசியும் ஹீட்டரும் ஓடும்போது இன்ஸ்டன்ட் பாட்டை வெச்சா 33 தாண்டிடும், பிரேக்கர் விழும். ஹீட்டரை கேஸுக்கு மாத்திடுங்க, அதுவே பாதித் தலைவலியைத் தீர்க்கும். அப்புறம் ஏசியோட இன்ஸ்டன்ட் பாட் ஓடும், இல்லன்னா மிக்ஸி ஓடும். கிரைண்டர் ஒண்ணு ரெண்டு ஆம்ப்தான், அது பாட்டுக்குச் சுத்தட்டும். ஹேர் டிரையரைத்தான் யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க, அது தனியா 12லேர்ந்து 15. ஊர்லேர்ந்து வர்ற 230 வோல்ட் மிக்ஸியை அம்மா பெட்டியில வெச்சுடாம முன்கூட்டியே சொல்லிடுங்க.

கேம்ப்கிரவுண்டுல கரண்ட் கம்பத்துல செருகும்போது பிரேக்கர் ஆஃப்ல இருக்கணும். ஆன்ல வெச்சே செருகினா ஒவ்வொரு தடவையும் சின்னப் பொறி பறக்கும். அதுல பின்னோட தகடு கறுத்து, தொடர்பு லூசாகி, சூடேறி உருக ஆரம்பிக்கும். ஏசி ஒரு மணி நேரம் ஓடின பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்புன்னா சரி. கை வைக்க முடியலைன்னா கழட்டிப் பாருங்க: ஒரு தகட்டைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பேறி உள்வாங்கியிருந்தா அந்த பிளக் முடிஞ்சுது, அந்தக் கம்பமும் சரியில்ல. இடம் மாத்தித் தரச் சொல்லுங்க.

வெறும் சர்ஜ் ப்ரொடெக்டர் பத்தாது, வோல்டேஜ் பார்க்கற இஎம்எஸ் வாங்குங்க. கோடையில கேம்ப் நிரம்பினா வோல்டேஜ் இறங்கும். 104க்குக் கீழ ஏசி கம்ப்ரஸர் ஓடினா சூடேறிச் சாகும். இஎம்எஸ் அதுக்கு முன்னாடியே கட் பண்ணிடும்.

தொட்டி:

ஹேண்ட் ஷவர் தாராளமா மாட்டலாம். பிளாக் டேங்கை (டாய்லெட் கழிவு சேர்ற தொட்டி) கெடுக்கறது தண்ணி இல்ல, தண்ணி இல்லாமைதான். ஆர்வி டாய்லெட் ஃப்ளஷ் ரொம்பக் கொஞ்சம் தண்ணிதான் விடும். பேப்பரும் மலமும் மட்டும் விழுந்தா டாய்லெட்டுக்கு நேர் கீழ கோபுரமா எழும்பும், காய்ஞ்சா சிமென்ட். கழுவுற வீட்டுல அந்தப் பிரச்சனையே குறைவு. கணக்கு மட்டும் மாறும். ஆறு பேர், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, தடவைக்கு அரை கேலன்னா 15 கேலன். 30 கேலன் டேங்க் ரெண்டு நாள்ல நிரம்பும். உபயோகிச்சு முடிச்சதும் ஷவரை கைப்பிடியில மட்டும் நிறுத்தாம, சுவர்ப்பக்கத்து வால்வுலயே அடைச்சுடச் சொல்லுங்க. அந்த மெல்லிய ஹோஸ் எந்நேரமும் பிரஷர்ல இருந்தா ஒருநாள் பிச்சுக்கும், தரை முழுக்க வெள்ளம்.

பிளாக் வால்வைத் திறந்தே வெச்சுட்டா தானா போயிடும்னு நினைக்கிறது புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு. தண்ணி மட்டும் ஓடிடும், கெட்டி உள்ளேயே தங்கும். மூடியே வைங்க. மூணுல ரெண்டு பங்கு நிரம்பின பிறகு ஒரே வீச்சுல திறங்க. முதல்ல பிளாக், அப்புறம் கிரே (சிங்க், குளியல் தண்ணி சேர்ற தொட்டி). சோப்புத் தண்ணி ஹோஸைக் கழுவிடும். முடிச்சதும் வால்வை மூடி, டாய்லெட் வழியா மூணு நாலு கேலன் தண்ணி ஊத்தி வைங்க. கழிவு ஹோஸ் நுனியை துவாரத்துல இறுக்கி, மேல ஒரு கல் வைங்க. திறந்ததும் வர்ற வேகத்துல துள்ளி வெளிய வந்துடும். கையுறை இல்லாம எதையும் தொடாதீங்க. நல்ல தண்ணி ஹோஸ் வெள்ளை, டேங்க் கழுவுற ஹோஸ் வேற நிறம், ரெண்டையும் ஒரே பெட்டியில வைக்காதீங்க.

டேங்க் கழுவ வெளியில தனி நுழைவாய் இருந்தா, வால்வை மூடி வெச்சு அதுல தண்ணி விட்டுட்டு நகர்ந்துடாதீங்க. பத்து நிமிஷம் மறந்தா கூரை வென்ட் வழியாவோ டாய்லெட் வழியாவோ பொங்கும்.

நம்ம சமையலுக்கு கிரே டேங்க்தான் மாட்டிக்கிட்டு முழிக்கும். கடுகு, கறிவேப்பிலை, புளிச்சக்கை, சோறு வடிச்ச கஞ்சி, தாளிச்ச எண்ணெய் எல்லாம் உள்ள போனா சென்சார்ல படிஞ்சு எப்பவும் "ஃபுல்"னு காட்டும், நாத்தமும் வரும். சிங்க்ல நெருக்கமான சல்லடை போடுங்க, வாணலியைக் காகிதத்தால துடைச்சுட்டுக் கழுவுங்க.

குடிதண்ணி: டேங்கை முதல்ல கிருமி நீக்கம் பண்ணணும். 15 கேலனுக்கு கால் கப் வாசனையில்லாத பிளீச். உங்களது 40 கேலன்னா முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணியோட கலந்து ஊத்தி, ஒவ்வொரு குழாயிலயும் பிளீச் வாசம் வர்ற வரைக்கும் திறந்து மூடி, ராத்திரி முழுக்க விட்டுட்டு அலசுங்க. கேம்ப் குழாய்ல பிரஷர் ரெகுலேட்டரை குழாய்ப் பக்கமே மாட்டணும், டிரெய்லர் பக்கம் இல்ல. அப்பதான் ஹோஸும் தப்பிக்கும்.

முக்கியமா ஒண்ணு: வாட்டர் ஹீட்டர்ல தண்ணி இல்லாம கரண்ட் சுவிட்சைப் போட்டா எலிமென்ட் ஒரு நிமிஷத்துக்குள்ள எரிஞ்சுடும். குளிர்காலத்துக்கு மூடி வெச்ச வண்டின்னா பைபாஸ் வால்வு (ஹீட்டருக்குள்ள தண்ணி போகாம திருப்பி விடறது) இன்னும் பைபாஸ்லயே இருக்கலாம். ஹீட்டருக்குப் பின்பக்கம் பாருங்க. சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, காத்து உமிழாம சீரா வர்ற வரைக்கும் விட்டுட்டுத்தான் சுவிட்ச்.

ஹூஸ்டன்வாசி:

கொக்கி அண்ணே, ஸ்டிக்கர் பார்த்தேன்: 1,480 பவுண்டு. ஆறு பேரையும் கூட்டினா 740 வருது. உங்க 935ஐச் சேர்த்தா 1,675. தலை சுத்துது. லாரியை மாத்தணுமா?

இன்னொண்ணு, முன்பக்கச் சுவர்ல வெளியில கை வெச்சா ஒரு இடம் மட்டும் லேசா உப்பலா இருக்கு. வித்தவர் "வெயில்ல அப்படித்தான் இருக்கும்"னார்.

கொக்கி:

லாரியை மாத்த வேண்டாம். 195 பவுண்டு அதிகம், அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா இன்னொரு கார்ல அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தா, மூணு பேர் எடை 440 குறையும். 1,235க்கு வந்துடுவீங்க, கையில 245 மிச்சம். அப்பாவும் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்கலாம். லாரிக்குப் பின்பெட்டியில விறகு, ஜெனரேட்டர்னு அந்த 245ஐத் தின்னுடாதீங்க. நல்ல தண்ணி டேங்கை நிரப்பிக்கிட்டு ஓட்டாதீங்க. ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன்னா 330க்கு மேல. போற இடத்துல குழாய் இருக்கும்.

அப்புறம் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்ல (லாரி எடை மேடை) ஏத்திப் பாருங்க. டிரெய்லரோட ஒரு தடவை, ஹிட்ச்சோட ஸ்பிரிங் பாரை விடுவிச்சுட்டு. டிரெய்லரைக் கழட்டிட்டு அதே ஆளுங்களோட லாரி மட்டும் ஒரு தடவை. லாரியோட ரெண்டு அச்சையும் கூட்டினதுல வர்ற வித்தியாசம்தான் நிஜமான டங் வெயிட். நான் சொன்ன 845 வெறும் மதிப்பீடு.

கூரைப்பூச்சு:

அந்த உப்பலை வெயில் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். ஃபைபர்கிளாஸ் சுவர் உப்பினால் பெரும்பாலும் உள்ளே தண்ணீர் இறங்கி, பிளைவுட்டிலிருந்து மேல்தகடு பிரிந்துவிட்டது என்று பொருள். டீலாமினேஷன் என்பார்கள். செய்ய வேண்டியது: ஊசி முனையுள்ள ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி, உள்பக்கச் சுவரில் அந்த இடத்துக்கு நேராகவும், மேல் மூலைகளிலும், ஜன்னல்களின் கீழ் மூலைகளிலும், ஸ்லைடின் ஓரத் தரையிலும் குத்திப் பாருங்கள். காய்ந்த ஓர் இடத்து அளவை முதலில் எடுத்துக்கொண்டு அதோடு ஒப்பிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் உள்ள சாமான் அறையில் தலையை விட்டு மோந்து பாருங்கள். பாசிபிடித்த வாசனை வந்தால் மீட்டரே தேவையில்லை.

தண்ணீர் இறங்குவது உப்பிய இடத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பதில்லை. கூரையும் முன்சுவரும் சேரும் இடம், விளிம்புத் தகட்டின் திருகுகள், முன்பக்க விளக்குகள் ஆகியவற்றைப் பாருங்கள். கூரையில் வென்ட், ஆன்டெனா, ஏசியைச் சுற்றி வெள்ளைப் பூச்சு இருக்கும். அதில் நகம் நுழையும் அளவு பிளவு இருந்தாலே போதும். ரப்பர் கூரைக்கு டைகார் போன்ற தானே மட்டமாகப் பரவும் லாப் சீலன்ட் போடுங்கள். பழைய பூச்சு இறுகப் பிடித்திருந்தால் சுரண்ட வேண்டாம், துடைத்துவிட்டு மேலேயே போடலாம். செங்குத்தான விளிம்புக்கு வழியாத வகையை வாங்க வேண்டும், மற்றது வழிந்து இறங்கிவிடும். வன்பொருள் கடை சிலிக்கோனைத் தொடாதீர்கள். ரப்பரோடு ஒட்டாது, உரிந்து வரும், பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரை ஏறிப் பாருங்கள். ஹூஸ்டன் மழையில் ஒரு பருவம் தவறினால் சுவரையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஈரம் பரவியிருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள். ஒழுகலை அடைக்காமல் உப்பலை மட்டும் ஒட்டித் தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ரசமட்டம்:

சீசோஸ் பேசின் யோசனையை விட்டுடுங்க. அந்தச் சாலையில 20 அடிக்கு மேல டிரெய்லர் வேண்டாம்னு பூங்கா நிர்வாகமே சொல்லுது, வளைவு அவ்வளவு குறுகல். பிக் பெண்ட் போயே தீரணும்னா ஆத்தங்கரை ரியோ கிராண்ட் வில்லேஜ்ல ஹூக்அப் (கரண்ட், தண்ணி, கழிவு இணைப்பு) இருக்கற இடத்துல நிறுத்திட்டு பேசினுக்குக் கார்ல ஏறுங்க. ஆனா மே, ஜூன்ல ஆத்தங்கரை 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும். கூரை ஏசி உள்ளே இழுக்கற காத்தைவிட 20 டிகிரி குளிரா விடும், அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க. முதல் ரெண்டு ராத்திரி பிரேசோஸ் பெண்ட் மாதிரி வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேட் பார்க்ல போடுங்க. எது உடைஞ்சாலும் ஒரு மணி நேரத்துல வீடு.

தொட்டி சொன்னதுல ஒரு சின்ன மாற்றம்: முழு ஹூக்அப் இருந்தா கிரே வால்வைத் திறந்து வைக்கலாம்னு நிறையப் பேர் சொல்வாங்க. ஆறு பேர் குளிக்கறப்போ அதுதான் வசதி. கிளம்பறதுக்கு முந்தின நாள் மட்டும் மூடினா ஹோஸைக் கழுவத் தண்ணி சேர்ந்துடும்.

தொட்டி:

திறந்து வெச்சா சாக்கடை ஈ பைப் வழியா ஏறி ஷவர்ல வந்து உட்காரும். நான் மூடற கட்சி. திறக்கறதுன்னா ஹோஸை நடுவுல ஒரு இடத்துல தாழ்வா வளைச்சுத் தண்ணி தேங்கற மாதிரி போடுங்க.

ஹூஸ்டன்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மீட்டர் ஆர்டர் பண்ணிட்டேன், பிக் பெண்ட் அடுத்த குளிர்காலத்துக்கு. போய்ச் சேர்ந்ததும் எதை முதல்ல பண்ணணும்னு வரிசையா சொல்ல முடியுமா? ஃப்ரிட்ஜ் கேஸ்லயும் ஓடற பழைய வகை. மாவு வெச்சா தாங்குமா?

ரசமட்டம்:

இடத்துல நுழையறதுக்கு முன்னாடி இறங்கி மேலே பாருங்க, கிளை தாழ்வா இருந்தா ஏசி மூடி போயிடும். ஸ்லைடு வெளிய வர்ற பக்கம் கம்பம், மேஜை, மரம் எதுவும் தட்டாதான்னு அளந்துக்கோங்க. பின்னாடி எடுக்கும்போது ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க. கை எந்தப் பக்கம் போகுதோ, டிரெய்லர் வால் அந்தப் பக்கம் போகும்.

லாரியைக் கழட்டறதுக்கு முன்னாடி இடம் வலம் மட்டம் பார்க்கணும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்குக் கீழ பலகை போட்டு மேல ஏத்துங்க. அப்புறம் ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. கட்டை போடாம கொக்கியைக் கழட்டினா டிரெய்லர் உருண்டுடும், மூக்குல ஜாக் மட்டும் தாங்கி நிக்காது. கழட்டின பிறகு முன்பின் மட்டத்தை மூக்கு ஜாக்ல சரிபண்ணுங்க. நாலு மூலையில இருக்கற ஸ்டெபிலைசர் முட்டுக்கால்களும் ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான். அதை வெச்சு வண்டியைத் தூக்கினா சட்டம் வளையும், கதவு மூடாது. பிறகு கரண்ட், தண்ணி, கடைசியா ஸ்லைடு.

ஃப்ரிட்ஜுக்கும் இந்த மட்டம்தான் உயிர். அந்த வகைக்கு கம்ப்ரஸர் கிடையாது, அம்மோனியா தானா வழிஞ்சு சுத்தணும். பக்கவாட்டுல 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு மணிக்கணக்கா நின்னு ஓடினா குழாய் அடைச்சுக்கும், அப்புறம் கூலிங் யூனிட்டையே மாத்தணும். கிளம்பறதுக்கு முந்தின நாளே வீட்டுக் கரண்ட்ல போட்டுடுங்க, குளிர 12 மணி நேரத்துக்கு மேல ஆகும். சாமானை வீட்டு ஃப்ரிட்ஜ்ல குளிர வெச்சு, காத்து போக இடம் விட்டு அடுக்குங்க. மாவை அரைச்சுப் பொங்கின பிறகு வெச்சீங்கன்னா பகல் முழுக்கப் புளிச்சுக்கிட்டே இருக்கும், பாத்திரத்துல பாதிதான் நிரப்பணும். ஓடும்போது அந்தக் கதவு திறந்துக்கற வழக்கம் உண்டு, தாழ்ப்பாள் விழுந்துதான்னு இழுத்துப் பாருங்க.